தரவு வழங்கி விரைந்து வாசிக்க



ஒரு கணினியில் அடங்காத அளவுக்குத் தரவு பெருகிவிட்டால் என்ன செய்வது? அதைப் பல கணினிகளில் பிரித்து வைத்து, பயன்படுத்துவோருக்கு ஒரே களஞ்சியம் போலக் காட்டுவதுதான் வழி. இந்த ஏற்பாட்டைப் பரவல் கோப்பு முறை என்கிறோம். கூகிள் நிறுவனம் தன் முறையை 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியது. அந்தக் கருத்தைப் பின்பற்றி எழுந்ததே ஹடூப். அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான டக் கட்டிங், தம் மகனுடைய பொம்மை யானையின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

ஹடூப்பில் கோப்புகள் 128 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று படிகள் வெவ்வேறு கணினிகளில் வைக்கப்படுகின்றன. இவை இயல்பான அளவுகள், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். துண்டுகளைக் காத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கணினியே தரவு வழங்கி, அதாவது டேட்டா சர்வர்.

வழங்கி மந்தமானால், புதிய கணினி வாங்கலாம் என்ற எண்ணமே முதலில் எழும். பணத்தைச் செலவிடுமுன் தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று பார்ப்பது நல்லதல்லவா?

வழங்கியில் உள்ள வட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, ஏறத்தாழ 4 மில்லி விநாடி. வாசிக்கும் முனை இடம் பெயர ஏறத்தாழ 8 மில்லி விநாடி. ஆக, ஒரு தடவை தேடிப் போக 12 மில்லி விநாடி செலவாகிறது. பலர் ஒரே சமயத்தில் வெவ்வேறு கோப்புகளைக் கேட்டால், முனை இப்படி அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். இடம் பெயராமல் வாசித்தால் அந்த வட்டு விநாடிக்கு 160 மெகாபைட் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் 4 கிலோபைட் மட்டுமே எடுத்தால் விநாடிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 330 கிலோபைட். 128 கிலோபைட் எடுத்தால் 10 மெகாபைட். 4 மெகாபைட் எடுத்தால் 108 மெகாபைட்! வட்டு அதேதான், ஒரு நடைக்கு அள்ளும் அளவுதான் வேறு.

ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் ஒவ்வொரு மங்குப் பாலையும் தனித்தனியே தூக்கிக்கொண்டு நிறுக்கும் இடத்திற்கு ஓடவில்லை. வாளியில் சேர்த்துத்தான் சுமந்து சென்றார்கள். அதே முறையைத்தான் கணினியில் முன்வாசிப்பு என்கிறோம். கேட்ட பகுதியோடு, அடுத்து கேட்கப்போகும் பகுதியையும் சேர்த்து எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்வது அது. லினக்ஸ் முறைமையில் இதன் இயல்பான அளவு 128 கிலோபைட். ஹடூப் தரவு வழங்கியிலோ 4 மெகாபைட்.

ஆனால் இம்மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. கோப்பைத் தொடர்ச்சியாகப் படிப்போருக்கு இது பயன்படும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பகுதிகளைக் கேட்போருக்கு முன்வாசித்தது வீணாகும், நினைவகமும் அடைபடும். அவர்களுக்கு, அசையும் முனையே இல்லாத திண்மநிலை வட்டு ஏற்றது.

ஆகவே அளந்து பார்த்த பிறகே மாற்ற வேண்டும். லினக்ஸில் ஐஓஸ்டாட் என்னும் கருவி, வட்டு எவ்வளவு நேரம் வேலையாக இருக்கிறது, ஒரு தடவைக்கு எவ்வளவு வாசிக்கிறது என்பவற்றைக் காட்டும். வட்டு ஓயாமல் உழைத்தும் வரவு குறைவாக இருந்தால், சிறுசிறு வாசிப்பே காரணம் என்று ஐயுறலாம். வட்டு ஓய்ந்திருக்கையில் தாமதம் ஏற்பட்டால் வலைப்பின்னலைப் பார்க்க வேண்டும். ஒரு கிகாபிட் இணைப்பு விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் தராது. அங்கே வட்டைச் சீராக்கிப் பயனில்லை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, மறுபடி அளக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது பலன் தந்தது என்று தெரியாது.

வேகத்திற்காக விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஹடூப் ஒவ்வொரு 512 பைட்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. வாசித்த தரவு அந்த எண்ணோடு பொருந்தாவிட்டால், வேறொரு படியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இச்சோதனையை நிறுத்தினால் வேலை கொஞ்சம் குறையும் என்பது உண்மையே. ஆனால் கெட்டுப்போன தரவு நல்ல தரவு போலவே வந்து சேரும். நோயாளியின் பரிசோதனை முடிவிலோ மாணவரின் தேர்வுப் புள்ளியிலோ ஓர் எண் மாறினால் விளைவு என்னவாகும்? 2008 முதல் வெளிவந்த பல செயலிகளில் இக்கணக்கிற்கென்றே தனிக் கட்டளை இருப்பதால், இதற்கு ஆகும் செலவும் சொற்பமே.

விரைவாக வந்த தவறான விடையைவிட, சற்றுப் பிந்தி வந்த சரியான விடையே மேல். இதை மனத்தில் வைத்து, அளந்து, ஒவ்வொன்றாகத் திருத்துவோம்.