ஞானஸ்நானப் புத்தகமும் பிறப்புப் பத்திரமும்



1955-இல் உருவான பினாங்கு மறைமாவட்டத்தில் பேராக் மாநிலமும் அடங்கும். அதன் சமூகப் பணி என்றதும் பலருக்கு அரிசி, பருப்புப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். அதுவும் தேவைதான். ஆனால், நான் பேச வந்தது ஒரு பழைய புத்தகத்தைப் பற்றி.

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தபோது, நம் மக்கள் லயங்களை விட்டு ஈப்போ புந்தோங், சிலிபின் பக்கம் வந்து சேர்ந்தார்கள். சட்டி பானை வந்தது. சிலருக்குப் பிறப்புப் பத்திரம் வரவில்லை. பத்திரம் இல்லையேல் 12 வயதில் அடையாள அட்டை இல்லை. பிறகு பள்ளி, வேலை, வங்கிக் கணக்கு எல்லாமே சிக்கல்.

இன்னொன்று. தாலி கட்டினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவு செய்யாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள். தாய்க்கு அது இல்லையென்றால், தகப்பன் நீல அட்டைக்காரராக இருந்தும் பயனில்லை!

இங்கேதான் பங்குக் கோயில் அலமாரியில் உள்ள ஞானஸ்நானப் புத்தகம் உதவும். பிறந்த தேதி, பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்கள் அதில் உண்டு. அது பிறப்புப் பத்திரத்துக்கு ஈடாகாது. என்றாலும், எழுத்திலுள்ள தடயம்; பதிவு இலாகா விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

பங்கு இளைஞர்களே, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பாரம் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்கு உதவுங்கள். கத்தோலிக்கரா என்று கேட்காதீர்கள். அந்தப் புத்தகத்தில் பெயரே இல்லாத பிள்ளைக்குத்தான் வேலை அதிகம். அதே லயத்தில் வாழ்ந்த முதியவர்களைத் தேடிப் பிடித்துச் சாட்சிக்கு அழைத்து வர வேண்டியிருக்கும்.