சிகிச்சை முடிந்தால் போதுமா?



தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு வந்தவர், "பிழைத்தேன், இனி ஆஸ்பத்திரி எதற்கு?" என்கிறார். வீட்டாரும் நேர்த்திக்கடனுக்கு நாள் குறிக்கிறார்களே ஒழிய, வைத்தியர் குறித்த நாளை மறந்துவிடுகிறார்கள். இது புத்தியுள்ள காரியமா?

இந்நோய் திரும்புமானால் பெரும்பாலும் முதல் 2 வருஷத்திற்குள்ளாகவே திரும்புகிறது. அதனால்தான் முதல் வருஷத்தில் 1 முதல் 3 மாதத்திற்கொருமுறை வரச் சொல்லுகிறார்கள். பிறகு இடைவெளி நீளும். 5 வருஷமாவது விடாமல் போகவேண்டும். கழுத்தில் கட்டி, குரல் கம்முதல், விழுங்குவதில் வலி கண்டால் அந்த நாளுக்குக்கூடக் காத்திருக்கலாகாது. சீக்கிரம் கண்டால் மறுபடியும் வைத்தியத்திற்கு வழியுண்டு.

கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்குத் தைராய்டு சுரப்பி மெல்லக் குன்றலாம். சோர்வு வந்தால் "வயதாயிற்று" என்று சும்மா இருப்பதா? 6 மாதம் அல்லது வருஷத்திற்கொருமுறை இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும், மாத்திரையும் உண்டு. எச்சில் வற்றினால் பல் சொத்தையாகும். ஆனால் கதிர்வீச்சு பெற்றதைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டால், தாடை எலும்பு ஆறாமல் கெட்டுப்போகலாம்.

பீடியும் புகையிலையும் மறுபடி நோயை அழைப்பவை. "ஒன்றே ஒன்று" என்று பீடி நீட்டுகிறவன் சினேகிதனாவானா?

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், நலம் விசாரிப்பதோடு நில்லாமல், "அடுத்த தேதி என்றைக்கு?" என்று கேளுங்கள், கூடவே போய் வாருங்கள்.