சுமையும் தொலைவும்: சரக்குப் போக்குவரத்தில் சிராவக அறம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

திருவறம் வளர்க! 

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார்க்குரிய நோன்புகளை வகுத்துரைக்கும் நூல். அதன் வழி நின்று தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் ஐந்து அதிசாரங்களை, அதாவது நோன்பு முற்றும் முறியாவிடினும் மாசுபடும் வழிகளை, ஆசாரியர் எண்ணிக் காட்டுகிறார். கொல்லாமை நோன்பிற்கு அவர் கூறும் ஐந்து: உறுப்பை அறுத்தல், கட்டி வைத்தல், துன்புறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவைத் தடுத்தல்.

மிகுபொருள் விரும்பாமைக்கு அவர் கூறும் ஐந்தும் நோக்கத்தக்கவை. அதிவாகனம், மிகையாகச் சேர்த்தல், பிறர் செல்வங்கண்டு வியத்தல், உலோபம், அதிபாரம் என்பன அவை. அதிவாகனம் என்பதற்கு, எருதுகள் இன்பமாக நடக்கக்கூடிய தொலைவுக்கு அப்பாலும் ஆதாயம் கருதி அவற்றை ஓட்டுதல் என்று உரை கூறும்.

இங்கு ஒரு நுட்பம் உள்ளது. அதிபாரம் இரண்டு நோன்புகளிலும் வருகிறது. சுமக்கும் உயிரின் பக்கம் நின்று பார்த்தால் அது இம்சை. ஏற்றுபவரின் பக்கம் நின்று பார்த்தால் அது ஆசை. ஒரே செயல் இரு விரதங்களையும் ஒருங்கே மாசுபடுத்துகிறது. இத்தகைய செயல்கள் மிகச் சிலவே.

உழவும் வண்டியும் தமிழ்ச் சமணரின் வாழ்வாக இருந்த காலத்தில் இவ்வறம் கண்ணெதிரே நின்றது. எருதின் கழுத்து புண்பட்டால் அதை வீட்டார் கண்டனர். இன்று வண்டியும் இல்லை, எருதும் இல்லை. ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பகுதிகளின் நெல்லும் அரிசியும் லாரியில் செல்கின்றன. இரும்புக்கு வலி இல்லை. ஆகவே அந்த அதிசாரங்கள் காலங்கடந்தவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் லாரியைச் செலுத்துபவர் மனிதர். அச்சுமையும் அத்தொலைவும் இன்று அவர்மேல் ஏறியுள்ளன.

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைச் சான்றாகக் கொள்ளலாம். ஜினகாஞ்சி எனப் போற்றப்படும் திருப்பருத்திக்குன்றத்திற்கு அண்மையில் காஞ்சியைக் கடந்து, வாலாஜாபேட்டை, வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருவை அடைகிறது அச்சாலை. பின்னர் தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி ஆகிய ஊர்களைத் தொட்டு, திகம்பர சமண உழவர் மிகுந்து வாழும் பெல்காம், கோலாப்பூர் மாவட்டங்களின் ஊடே சென்று, சத்தாரா, புனே வழியாக மும்பையை எட்டுகிறது. தொலைவு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். வழியில் சத்தாராவுக்கும் புனேவுக்கும் இடையே கம்பாட்கி மலைப்பாதை. புனேவைக் கடந்தபின் கண்டாலாப் பகுதியின் இறக்கம். பாரம் மிகுந்த லாரியின் பிரேக் இத்தகைய இறக்கங்களில் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அங்கு ஆபத்து ஓட்டுநர்க்கு மட்டுமன்று. முன்னே செல்லும் சிறு வாகனத்தில் உள்ள குழந்தைக்கும் உண்டு.

முதலில் பாரத்தைக் காண்போர்க்குச் சட்டத்தின் அளவு தெளிவானது. 2018 ஜூலையில் மத்திய அரசு, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்த்தியது. இது லாரியும் சரக்கும் சேர்ந்த எடை. வரம்பு உயர்ந்த பின்னரும் அதற்கு மேல் ஏற்றும் ஆசை அடங்கியதில்லை. அதன் கணக்கு எளியது. நூறு மூட்டை ஏற்ற வேண்டிய லாரியில் நூற்றிருபது ஏற்றினால், மூட்டைக்கு விழும் வாடகை ஆறில் ஒரு பங்கு குறையும்.

அந்த ஆறில் ஒரு பங்குக்காக எது செலவாகிறது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை ஓர் உண்மையைக் காட்டியது. அச்சின்மேல் விழும் எடை கூடும்போது சாலைக்கு நேரும் சேதம், ஏறத்தாழ அந்த எடையின் நான்காம் அடுக்கு அளவில் கூடுகிறது. அச்சின் எடை ஐந்தில் ஒரு பங்கு மிகுந்தால் சேதம் இரு மடங்காகும். ஆதாயம் ஒருவர் பெட்டியில் சேர்கிறது. உடைந்த சாலை ஊரார் அனைவர்க்கும் உரியதாகிறது.

அடுத்து, தொலைவு. லாரி மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், 1,300 கிலோமீட்டர் கடக்க முப்பத்திரண்டரை மணி நேரம் வண்டியோட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என வரையறுத்தது; நெடுந்தொலைவு வழிகளில் உரிய ஒப்புதல் பெற்றாலும் 10 மணியைக் கடக்கலாகாது என்றது. நாளுக்கு 8 மணி என்றால் இப்பயணம் நான்கு நாள்களைச் சற்றுக் கடக்கும். 10 மணி என்றால் மூன்று நாள்களைக் கடக்கும். சரக்குக்குரிய இ-வே பில்லோ 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்னும் கணக்கில் செல்லுபடியாகிறது. 1,300 கிலோமீட்டருக்கு ஏழு நாள் கிடைக்கும். அரசு ஏழு நாள் தருகிறது. இரண்டே நாளில் சரக்கு வந்து சேர வேண்டும் என்று வற்புறுத்துவது வணிகரின் அவசரமே. 48 மணி நேரத்தில் முப்பத்திரண்டரை மணி ஓட்டிய ஒருவர்க்கு, உண்ணவும் உறங்கவும் சுங்கச்சாவடிகளில் நிற்கவும் எஞ்சுவது பதினைந்தரை மணி நேரம். இதுவே இன்றைய அதிவாகனம்.

அசட்டையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் இலக்கணம். அந்த அசட்டையைப் பிரமாதம் என்பர். பிரமாதங்கள் பதினைந்தனுள் உறக்கமும் ஒன்றாக எண்ணப்படுகிறது. பின்னிரவில் ஓட்டுநரின் கண் ஒரு கணம் செருகினால் அது அவருடைய பிரமாதம் மட்டும் ஆகாது. உறங்கவிடாமல் அவரை விரட்டிய கட்டளையும் அதில் பங்கு கொள்கிறது.

உணவைத் தடுத்தல் என்னும் அதிசாரத்திற்கும் இத்தொழிலில் இடம் உண்டு. சரக்கு இறக்குவதற்காகக் கிடங்கின் வாயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் லாரி நிற்கிறது. ஓட்டுநரும் கிளீனரும் வண்டியை விட்டு அகல இயலாது. குடிநீர் இல்லை, கழிப்பிடம் இல்லை, நிழல் இல்லை. காத்திருந்த நாளுக்குப் படியும் இல்லை. வாடகையின் பாக்கித் தொகையைச் சிறு காரணம் காட்டி நாள்கணக்கில் நிறுத்திவைப்பதும் உண்டு. எவரும் அவர் உணவைப் பறிக்கவில்லை. ஆயினும் அவர் பசியோடு நிற்கிறார்.

லாரி வேறொருவருடையது, ஓட்டுநர் அவருடைய ஆள், பாரத்திற்கு அவரே ஒப்பினார், சரக்கை அனுப்பியவர்க்கு இதில் என்ன பாவம் என்று வினவலாம். இதற்கு ஜினாகமம் விடை கூறியுள்ளது. வினை வந்து சேரும் வாயில்கள் கிருதம், காரிதம், அனுமோதனை என மூன்று: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். வியக்கத்தக்க வகையில் நாட்டின் சட்டமும் இதனையே கூறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, மிகுபாரத்தோடு வண்டியை ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட இடங்கொடுப்பவரையும் சேர்த்தே குறிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டம் 20,000 ரூபாய்; மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். தண்டத்தை நடைமுறையில் எவர் கட்டினும், வினைக்கணக்கில் மூவர் பெயரும் எழுதப்படும்.

மற்றொரு வினாவும் எழும். போட்டி மிகுந்த சந்தையில் ஒருவர் மட்டும் அளவோடு ஏற்றினால் அவர் சரக்கின் விலை உயராதா? உயரும். இதை மறைத்தல் வாய்மை ஆகாது. இல்லறத்தார்க்குத் தொழில்வழி வரும் இம்சையை முற்றும் விலக்க இயலாது என்பதை ஆசாரியர்கள் அறிந்தே, சங்கற்பத்தால் செய்யும் இம்சையை விலக்கவும் தொழில்வழி இம்சையைக் குறைக்கவும் கூறினர். வணிகம் செய்க, சரக்கும் அனுப்புக, அளவு கடவாதிருக்க. அளவோடு நிற்பதால் குறையும் ஆதாயம் எவ்வளவோ, அவ்வளவே மிகுபொருள் விரும்பாமை நோன்பின் விலை. விலை கொடாமல் காக்கப்படும் நோன்பு எதுவும் இல்லை.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. லாரியின் பதிவுச் சான்றில் உள்ள எடையைக் கேட்டறிந்து, எடைமேடைச் சீட்டைப் பார்த்த பின்னரே வண்டியை அனுப்புதல். ஒருவரே ஓட்டுவதாயின் சென்னை–மும்பைக்கு நான்கைந்து நாள் எனக் கெடு எழுதுதல். விரைவு தேவையாயின் இரண்டாம் ஓட்டுநர்க்குரிய கூலியை வாடகையில் சேர்த்தல். கிடங்கின் வாயிலில் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்தல். வந்த வரிசைப்படி சரக்கை இறக்குதல். காத்திருந்த நாளுக்குப் படி அளித்தல். சரக்கு நல்லபடி இறங்கிய அன்றே பாக்கியைத் தீர்த்தல். உணவு சமைப்போர் இல்லத்து மகளிர் ஆயினும், வாங்குவோர் முதியோர் ஆயினும், இரண்டு நாள் பொறுத்தால் தவறில்லாத பொருளை உடனே வேண்டும் என்று கேளாதிருத்தலும் இவ்வறத்தில் அடங்கும். அனுமோதனை வாங்குபவரிடத்தும் உள்ளது.

எருதின் கழுத்தைத் தடவிப் பார்த்துப் பாரம் ஏற்றிய முன்னோர், நூலில் படித்ததைத் தொழுவத்தில் செய்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் அதனை எடைமேடையிலும் கிடங்கு வாயிலிலும் செய்தல் கடன்.

திருவறம் வளர்க!