பாலாற்றங்கரையில் ஒரு மன்னர்



வேலூரில் பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபத்தை நம்மில் பலர் அறிவோம். கண்டியை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கேதான் துயில்கிறார். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் மரபினர் அவர்.

1803இல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தது. மன்னர் மலைகளுக்குள் பின்வாங்கினார். காய்ச்சல் வாட்டி எடுத்த அந்தப் படை ஜூன் மாதம் சரணடைந்தது. பீரங்கியால் கண்டியை வெல்ல முடியவில்லை.

ஆனால் 1815இல் அதே கண்டி பெரிய போர் எதுவுமின்றி வீழ்ந்தது. ஏன்? கண்டி ஏரியை அமைக்க மன்னர் மக்களைக் கட்டாய வேலை வாங்கினார். எகலப்பொல என்ற தலைவர் கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் தப்பியோடியபோது, அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொல்லச் செய்தார். ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோது மன்னரின் பக்கம் நிற்க ஆளில்லை. பிப்ரவரி 18 அன்று பிடிபட்டார். அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கைதியாக வந்து, 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார்.

நாட்டைப் பறித்தவர்கள் செய்தது நீதி என்று நாம் சொல்லவில்லை, அது அநீதியே. அவர்களை நம்பிய எகலப்பொலவும் பின்னர் மொரீஷியஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். ஆனால் வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது உள்ளே இருந்த காயம்.

சாலமோனின் மகன் ரெகபெயாமிடம் மக்கள் கேட்டது என்ன? எங்கள் சுமையைச் சற்றே குறையுங்கள் என்பதுதான். அவர் கடுமையாகப் பதில் சொன்னார். பத்துக் குலங்களை இழந்தார் (1 அரசர்கள் 12).

நமக்கு அரண்மனை இல்லை. ஆனால் நம் கைக்குக் கீழே மனிதர்கள் இருக்கிறார்கள். ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்தால், மேலே வாங்கிய திட்டைக் கீழே வேலை செய்யும் பெண்மீது இறக்குகிறோம். அவர் அதை வீட்டுக்குச் சுமந்து போகிறார்; அங்கே அது பிள்ளைகள்மீது விழுகிறது. வெளியே உள்ள நெருக்கடியை நாம் தாங்கிவிடலாம். நம்மவர் மனத்தில் நாம் ஏற்படுத்திய காயத்தைத் தாங்கி எந்தக் குடும்பமும் நெடுநாள் நிற்காது.

இன்று இரவு உறங்கும் முன் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்போம். ஒருவரின் சுமையைக் குறைப்போம். சுமை சுமந்து சோர்ந்தோரைத் தம்மிடம் அழைத்த ஆண்டவர் நம்மைக் கனிவுள்ளவர்களாக்குவாராக. ஆமென்.