குறைந்துவரும் நகர ஜனத்தொகையும் நாமும்

(மும்பைக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நகரத்தில் ஜனத்தொகை குறைகிறது என்று சொன்னால், மாலை ஆறு மணிக்கு தாதரில் ரயில் ஏறியவர்கள் சிரிப்பீர்கள். ஆனால் சென்ஸஸ் அப்படித்தான் சொல்கிறது. மும்பை நகர மாவட்டத்தில், அதாவது கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரையுள்ள பழைய பம்பாயில், 2001இல் 33,38,031 பேர் இருந்தார்கள். 2011இல் 30,85,411 பேர். பத்து வருஷத்தில் இரண்டரை லட்சம் பேர் குறைவு. கல்கத்தா மாநகராட்சியிலும் அதே காலத்தில் 45,72,876 என்பது 44,96,694 ஆயிற்று. 2021இல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். ஆகவே நம் கையில் இருக்கும் கடைசி முழுக் கணக்கு இதுதான்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். எடை குறைந்தால், உள்ளே இருந்தது வெளியே போயிற்றா, உள்ளே வரவேண்டியது வரவில்லையா என்று கேட்பது பழக்கதோஷம். இங்கே இரண்டும் நடந்திருக்கிறது.

வெளியே போனதை முதலில் பார்ப்போம். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த இடங்களில் ஆபீஸ்களும் உயர்ந்த கட்டடங்களும் வந்தன. நம்மவர்களும் மாதுங்காவின் சின்ன வீட்டை விற்று, டோம்பிவிலியிலும் தாணேயிலும் பெரிய வீடு வாங்கினார்கள். அன்றைய தாணே மாவட்டம் 81 லட்சத்திலிருந்து 1 கோடி 10 லட்சமாக வளர்ந்தது. 1932இல் மாதுங்காவில் தொடங்கிய சௌத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டியே பிறகு நேருலில் பெரிய வளாகம் கட்டவில்லையா? இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 1896இல் பிளேக் வந்து, 1898இல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். நெரிசலைக் குறைக்க அந்த டிரஸ்ட் திட்டமிட்ட பேட்டைகளில் ஒன்றுதான் மாதுங்கா. மனிதர்கள் காற்றோட்டமாக வாழ்வது நல்லதுதான்.

ஆனால் விலை ஒன்று உண்டு. 2008 மறுவரையறையில் பழைய பம்பாயின் சட்டமன்றத் தொகுதிகள் 17இலிருந்து 10 ஆயின. மாதுங்கா என்ற தொகுதியே இல்லாமற்போயிற்று. குறை சொல்லப் போனால் கேட்க ஆள் குறைவு.

இரண்டாவது காரணம்தான் எனக்குக் கவலை. ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்டிக்கொள்ள, ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தைகள் வேண்டும். 2019-21 குடும்பநல ஆய்வின்படி நகர்ப்புற இந்தியாவில் அது 1.6. நம் கிருஹங்களில் ஒரு குழந்தை என்பது சகஜம். அந்த ஒரு குழந்தையும் புனே, பெங்களூர், அமெரிக்கா என்று போய்விடுகிறது. வெளியே போனவர்கள் வேறு இடத்தை நிரப்புகிறார்கள். பிறக்காதவர்கள் எங்கும் நிரப்புவதில்லை.

என் அக்கா மாதுங்காவில் இருக்கிறாள். வயது 81. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பன்னிரண்டு வீடுகளில் ஐந்து பூட்டிக் கிடக்கின்றன. பூட்டியவர்கள் மாதச் சந்தாவை ஒழுங்காக அனுப்பிவிடுகிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லிஃப்ட் போடலாமா என்று தீர்மானிக்கக் கூட்டம் கூட்டினால் வருவதில்லை. தண்ணீர்க் குழாயின் நீளமும் மொட்டைமாடி ஒழுகலும், ஆள் குறைந்ததால் குறைவதில்லையே!

போன மழைக்காலத்தில் அக்கா மாடிப்படியில் விழுந்துவிட்டாள். எதிர்வீடு பூட்டு. பக்கத்து வீடும் பூட்டு. கீழ்வீட்டு மாமிக்கும் 78 வயது, காது மந்தம். காலையில் பால் போட வந்த பையன்தான் பார்த்தான். இரவு முழுவதும் படியிலேயே கிடந்திருக்கிறாள்.

"எங்களோடு வந்துவிடேன்" என்று தாணேயில் இருக்கும் பிள்ளை அழைக்கிறான். நானும் சொன்னேன். "இங்கே இறங்கினால் கோயில், காய்கறிக்காரன், டாக்டர். அங்கே இறங்கினால் கார் நிறுத்துகிற இடம்" என்கிறாள். முதலில் பிடிவாதம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவள் கணக்கு சரி. அறுபது வருஷமாகச் சேர்த்த சௌகரியத்தைப் பெட்டியில் கட்டி எடுத்துப்போக முடியாது. வயோதிகர்களை இடம் மாற்றுவதைவிட, அவர்கள் இருக்கும் இடத்துக்கு உதவியைக் கொண்டுபோவதுதான் சாத்தியம் என்று எனக்குப் படுகிறது.

நம் கிளையில் கல்யாண மண்டபத்துக்கு இன்னொரு மாடி கட்டும் யோசனை இருக்கிறது. கமிட்டியார் மன்னிக்க வேண்டும். கல்யாண வயதுப் பிள்ளைகள் இந்தப் பேட்டையில் எத்தனை பேர் என்று யாராவது எண்ணினோமா? அந்தப் பணத்தில் ஒரு நர்ஸை மாதச் சம்பளத்துக்கு வைக்கலாம். தினமும் காலையில் தனியாக இருப்பவர்களுக்கெல்லாம் போன் செய்ய ஒருவரை அமர்த்தலாம். மாடியில் இருப்பவர்களுக்குப் பூட்டிக் கிடக்கும் கீழ்வீடுகளை வாடகைக்குக் கேட்டு வாங்கித் தரலாம். சொந்தக்காரர்கள் தயங்குவார்கள், நம் சங்கமே நடுவில் நின்று எழுதிக் கொடுத்தால் சிலராவது இணங்குவார்கள்.

எண்ணுவதற்கு 2027 வரை காத்திருக்க வேண்டாம். வாசலில் மேஜைமேல் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வீட்டில் எத்தனை பேர், வயது, எந்த மாடி, இரவில் கூப்பிட்டால் யார் வருவார் என்று நான்கே கேள்விகள். உங்கள் வீட்டுக்கு ஒன்று, உங்கள் கட்டடத்தில் கூட்டத்துக்கு வரமுடியாதவர்களுக்கு ஒன்று எடுத்துப்போங்கள். மற்ற ஊர்க் கிளைகள் கேட்டால் தபாலில் அனுப்புகிறேன்.