மூடுவதற்கு முன் தண்ணி ஊற்றிப் பாருங்கள்

(லயத்துக் குடும்பங்களுக்கான புதிய மலசலகூட வேலை தொடங்குவதற்கு முன்பு, தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டில் அடுப்புகூடப் பற்ற வைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேச மாட்டேன். அடுத்த கிழமை நமது லயத்துக்கு மலசலகூடம், குளிக்கிற இடம், குசினித் தண்ணி போகிற வழி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பைப்பு பதிக்கப் போகிறோம். அதைப் பற்றித்தான் பேச்சு. பைப்பு போடுவது பாஸ் வேலைதானே, எங்களுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். பாஸ் வேலை முடிந்ததும் போய்விடுவார். அந்தப் பைப்போடு இருக்கப் போவது நீங்கள்தான்.

முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருசத்துக்கு முன்பு நான் வேறொரு தோட்டத்தில் இருந்தேன். அங்கேயும் இதே மாதிரி வேலை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வேலை செய்த பாஸ் வயதான மனிதர். "ஐயா, ஒரு நாள் பொறுங்க. தண்ணி ஊத்திப் பாத்துட்டு மூடலாம்" என்றார். நான் கேட்கவில்லை. "விழா நாளைக்கு, மண்ணைத் தள்ளி மூடுங்க" என்று சொன்னேன். அவரும் மூடினார். றிபன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம்.

மூன்று மாதம் போனது. மழை பிடித்தது. கீழ் லயத்தில் குசினிச் சுவர் ஊறத் தொடங்கியது. நாற்றம் வந்தது. பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றோட்டம். மூன்று பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியதாயிற்று. பிறகு தோண்டிப் பார்த்தோம். ஒரு இடத்தில் பைப்பைக் கம் பூசாமல் சும்மா செருகி இருந்தார்கள். இன்னொரு இடத்தில் அடியில் கிடந்த கல்லு குத்தி பைப்பு வெடித்திருந்தது. அழுக்குத் தண்ணி அப்படியே இறங்கி, கீழ் லயத்துக்காரர்கள் குடிக்கப் பிடிக்கிற பீலிப் பக்கம் போயிருந்தது. பிள்ளைகள் தேறி வந்துவிட்டார்கள். இதனால்தான் வருத்தம் வந்தது என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் ஒரு தாய் என்னைப் பார்த்துக் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "போட்டோ புடிக்க நேரம் இருந்துச்சு, தண்ணி ஊத்திப் பாக்க நேரம் இல்லீங்களா ஐயா?" நான் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே சொல்ல?

ஆகவே இந்த முறை ஒழுங்காகச் செய்வோம். நீங்கள் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணி மூன்று வகை. மலசலகூடத் தண்ணி ஒன்று, குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணி இரண்டு, கூரையில் விழும் மழைத்தண்ணி மூன்று. மழைத்தண்ணியை ஒருக்காலும் மலசலகூடப் பைப்பில் விடக் கூடாது. ஒரு பெரிய மழைக்குக் குழி நிரம்பி, உள்ளே கிடப்பதெல்லாம் வெளியே வரும். மழைத்தண்ணி கானுக்குப் போகட்டும்.

இரண்டாவது, பைப்பின் அளவு. மலசலகூடத்துக்கு 110 மில்லிமீற்றர், அதாவது நாம் 4 அங்குலம் என்று சொல்கிற பைப்பு. குளிக்கிற இடத்துக்கும் குசினிக்கும் 63 மில்லிமீற்றர், 2 அங்குலப் பைப்பு. காசு மிச்சம் என்று பீலிக்கூரைக்குப் போடுகிற மெல்லிய பைப்பை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. மண் பாரத்தில் நசுங்கிவிடும்.

மூன்றாவது, வாட்டம். இதில்தான் அதிகம் பிழை வரும். 110 பைப்புக்கு 10 அடி நீளத்துக்கு 2 அங்குலத்துக்குக் குறையாமல் இறக்கம் வேண்டும். 63 பைப்புக்கு 10 அடிக்கு 3 அங்குலம். மலசலகூடத்திலிருந்து குழிக்கு 30 அடி என்றால், போய்ச் சேருகிற இடம் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து மட்டம் சொல்லாதீர்கள். மலைச்சரிவில் கண் ஏமாற்றும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணி நிரப்பி இரண்டு பக்கமும் பிடித்துப் பாருங்கள். அந்தத் தண்ணி பொய் சொல்லாது. சரிவு அதிகமான இடத்தில் பைப்பு தன் பாரத்தாலும் மண் அசைவாலும் கீழே இழுபட்டு மூட்டு கழன்றுவிடும். அங்கே இடைக்கிடை கொங்கிறீட் கட்டி போட்டுப் பிடித்து வைக்க வேண்டும்.

நான்காவது, கிடங்கு. வெட்டிய கிடங்கின் அடியில் கல்லு இருக்கக் கூடாது. 3, 4 அங்குலத்துக்கு மணல் அல்லது சலித்த மண் போட்டு, அதன் மேல் பைப்பு முழு நீளமும் படிந்து கிடக்க வேண்டும். வாய் அகன்ற பக்கம் தண்ணி வருகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். அதனால் கீழே குழிப் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே ஏறி வாருங்கள். பைப்புக்கு மேலும் முதலில் நல்ல மண். லொறி, ட்ரக்டர் போகிற இடத்தில் ஆழமாகப் பதித்து, மேலே கொங்கிறீட் போட வேண்டும்.

ஐந்தாவது, ஒட்டுதல். இளைஞர்களே, இது உங்களுக்கு. பைப்பை நேராக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறை அரம் போட்டு எடுங்கள். முதலில் கம் பூசாமல் செருகிப் பார்த்து, எவ்வளவு உள்ளே போகிறது என்று கோடு போடுங்கள். ஈரம், மண், எண்ணெய் எல்லாம் துடையுங்கள். நம் ஊரில் பனிப்புகார் இறங்கினால் பைப்பு வியர்க்கும். ஈரத்தில் கம் பிடிக்காது. இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பிக் கோடு வரைக்கும் தள்ளுங்கள். அரை நிமிசம் விடாமல் பிடியுங்கள். அன்றைக்கே தண்ணி விட அவசரப்பட வேண்டாம். அந்தக் கம் நெருப்புப் பிடிக்கும். பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள். மூடிய அறைக்குள் வைத்துப் பூசாதீர்கள்.

பெண்ட் கையில் இல்லை என்று பைப்பை நெருப்பில் காட்டி வளைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிடுவோம். சுட்ட இடம் மெலிந்துபோகும், பிறகு அங்கேதான் வெடிக்கும். அந்தப் புகையும் நெஞ்சுக்குக் கெடுதி.

ஆறாவது, திருப்பம். படுக்கையாகப் போகிற பைப்பைச் சட்டென்று ஒரே முழங்கையில் திருப்பினால் அங்கே அடைக்கும். பாதி வளைவுள்ள பெண்ட் இரண்டு போட்டுத் திருப்புங்கள். இன்னொரு பைப்பைச் சேர்க்கும்போது போகிற திசைக்குச் சாய்ந்த வை வடிவ மூட்டுப் போடுங்கள். திசை மாறுகிற இடங்களில் திறந்து பார்க்க ஒரு சிறு தொட்டியும் மூடியும் வேண்டும்.

ஏழாவது, ட்ராப்பும் காற்றுப் பைப்பும். பேனுக்குக் கீழே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணி நிற்கும். அந்த 2 அங்குலத் தண்ணிதான் குழி நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிற கதவு. காற்றுப் பைப்பு வைக்காவிட்டால், தண்ணி ஊற்றும்போது அந்த வளைவுத் தண்ணியும் சேர்ந்து உறிஞ்சுபட்டுப் போகும். பிறகு நாற்றம் வீட்டுக்குள். காற்றுப் பைப்பு கூரைக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். வெயில் படுகிற சுவரில் போகிற நீளப் பைப்பு சூட்டுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்கிற றப்பர் வளைய மூட்டு ஒன்று வைக்க வேண்டும்.

எட்டாவது, குழி இருக்கிற இடம். பீலிக்கும் கிணற்றுக்கும் மேற்பக்கத்தில் கழிவுக்குழி வேண்டவே வேண்டாம். தூரம் எவ்வளவு என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை இடத்துக்கே கூட்டி வந்து காட்டிக் கேட்போம். மண்ணை வெட்டி நிறுத்தின கரைக்கு மேலேயும் குழி கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க மாட்டோம். அது பைப்பால் வந்த வினை அல்ல, மழையால் வந்தது. ஆனாலும் மண்ணுக்குள் தண்ணி இறங்க இறங்க அது பாரமாகிப் பிடிமானம் விடும் என்பது நமக்குத் தெரியும். வருசக்கணக்காக ஒழுகுகிற பைப்பு, மழை வருவதற்கு முன்பே மண்ணை ஊற வைத்துவிடும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கப் பைப்பில் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் சூட்டுக்கு இளகி நெளியும். பச்சைத் தண்ணி கலந்து ஊற்றுங்கள். சோற்றுப் பருக்கை, தேயிலைச் சக்கை, எண்ணெய் பைப்புக்குள் போகாமல் வலை வையுங்கள். துணி, பிள்ளைகளின் பம்பர்ஸ் எதுவும் பேனுக்குள் போடக் கூடாது. மேல் வீட்டில் போடுவது கீழ் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதனால் எத்தனை சண்டை வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று. கிடங்கை மூடுவதற்கு முன், கீழ் வாயை அடைத்து, பைப்பு நிறையத் தண்ணி ஊற்றி அரை மணித்தியாலம் வைப்போம். தண்ணி இறங்கக் கூடாது, மூட்டு ஒன்றும் கசியக் கூடாது. அதைப் பார்க்க மேல் லயத்திலிருந்து ஒரு தாயும் கீழ் லயத்திலிருந்து ஒரு தாயும் வந்து நிற்க வேண்டும். அன்றைக்கு அவர்களுக்குப் பேர் போட வேண்டும் என்று துரையிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் சரி என்று சொன்ன பிறகுதான் மண் தள்ளுவோம். பைப்பு எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து தலைவரிடமும் புள்ளைக் காம்பிராவிலும் வைப்போம். நாளைக்கு யாராவது மண்வெட்டி போடும்போது அது உதவும்.

நான் வந்து "நாளாகுது, மூடுங்க" என்று சொன்னாலும் மூடாதீர்கள். விழா ஒரு கிழமை தள்ளிப் போனால் யாருக்கும் வயிற்றோட்டம் வராது.

நேரமாகிவிட்டது. பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். கேள்வி இருப்பவர்கள் நில்லுங்கள், பேசுவோம்.