கண்ணாடி போனால் கலை போகுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் திருத்தணியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். முகூர்த்த நாளில் நம் ஊரில் எத்தனை கல்யாணம் என்று உங்களுக்கே தெரியும். தொழிலில் இருக்கும் தம்பிகள் இப்போது கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, கடன் வாங்கியாவது மிரர்லெஸ்ஸுக்கு மாறிடலாமா?"

டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் 'டப்'பென்று மேலே எழும். ஒளி சென்சாரில் விழும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதையே சின்னத் திரையில் நாமும் பார்க்கிறோம். வெளிச்சம் கூடுதலா குறைவா என்று எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். மணப்பெண்ணின் கண்ணைத் தானே தேடி ஃபோகஸ் செய்யும்.

2008-ல் பானாசோனிக் இதைத் தொடங்கியது. 2018-ல் நிகானும் கேனானும் முழு அளவு சென்சாரோடு இந்தப் பக்கம் வந்தன. 2020-ல் வந்த நிகான் டி6, கேனான் 1டி எக்ஸ் மார்க் 3 இரண்டுக்கும் பிறகு அந்த உச்ச வரிசையில் புது டி.எஸ்.எல்.ஆர். வரவில்லை. ஆக, கம்பெனிக்காரன் முடிவு பண்ணிவிட்டான். நாம் முடிவு பண்ண வேண்டியது, எப்போது மாறுவது என்பதைத்தான்.

சில கணக்குகளைப் பாருங்கள். ஒரே அளவுகோலில் சோதித்தால், ஒரு சார்ஜில் நிகான் டி850 1840 படம் எடுக்கும். இசட்7 எடுப்பது 330. நடைமுறையில் கூடத்தான் வரும். ஆனாலும் கூடுதல் பேட்டரி வாங்கியே ஆகணும். சத்தமில்லாத ஷட்டரில் தாலி கட்டுவதை எடுத்தால், மண்டபத்து எல்.இ.டி. விளக்கில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். கேமராவிலிருந்து மோட்டார் திருப்பும் பழைய நிகான் லென்ஸ்கள், எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகாது. பாடி விலையோடு செலவு நிற்பதில்லை, ஐயா!

ஃபிலிம் போனது வேறு கதை. ஊட்டியில் 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையே நின்றுபோனது. இருட்டறை, கெமிக்கல், கழுவும் வேலை எல்லாமே போச்சு. அன்று மாறாதவனுக்குப் பிழைப்பில்லை. இன்று அப்படியா? ஃபைலும் அதேதான், ஆல்பமும் அதேதான். எந்தக் கேமராவில் எடுத்தது என்று வாடிக்கையாளர் ஆல்பத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாரா?

ஆகவே தம்பிகளே, ஓடுகிற டி.எஸ்.எல்.ஆரை வட்டிக் கடனுக்காக விற்காதீர்கள். அது சம்பாதிக்கும் வரை சம்பாதிக்கட்டும். அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்குங்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர், கையில் பணமிருந்தால் மிரர்லெஸ்ஸிலேயே தொடங்கலாம். பணமில்லாத மாணவருக்கு, நல்ல நிலையில் உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். போதும், ஒளியைப் படிக்க அதுவே நல்ல வாத்தியார்.

கண்ணாடி போகும், பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு வேலை இருக்கும்.